இரண்டு பக்கமும் பின் வைத்த வயர்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் கோபித்துக்கொள்வதற்கு இது தேவலை.

என் மனைவி மீனாவின் தம்பி செல்வக்குமார், திருப்பரங்குன்றத்தில் ஒரு தகர ஷெட்டில் வேன்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவன். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பழைய வேனை வாங்கி, எட்டு மாதம் அதற்குள்ளேயே கிடந்து, அதைக் கேரவனாக மாற்றிவிட்டான். கட்டில் உண்டு, கழிப்பறை உண்டு, ஏசி உண்டு, சின்ன ஃபிரிட்ஜ் உண்டு, மிக்சியும் உண்டு. மிக்சி எதற்கு என்று கேட்டேன். "சட்னிக்கு மாமா" என்றான். கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் கரண்டு வேண்டுமே. கட்டிலுக்கடியில் இரண்டு பெரிய பேட்டரி வைத்திருந்தான். பக்கத்தில் ஓர் இன்வர்ட்டர். பேட்டரியில் இருக்கும் பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருவது அதன் வேலை. எங்காவது வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினால், அந்த வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து வண்டியில் சொருகிக்கொள்ளவும் வழி வைத்திருந்தான்.

"வாடகைக்கு எடுக்குறவங்க கண்டதையும் போட்டு எரிச்சிருவாங்க மாமா. இன்வர்ட்டர எப்புடிப் பத்திரமா ஓட்டணும்னு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க. கதவுக்குப் பின்னாடி ஒட்டிருவோம். ஒரு பக்கம் போதும்" என்றான்.

நான் மூன்று சிறுகதைத் தொகுதிகள் போட்டவன். மூன்றையும் அவனுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் அவன் ஷெட்டில் தையல் மெஷின் ஆடாமலிருக்கக் காலுக்கடியில் இருக்கின்றன. பதினெட்டு வருஷ உறவில் அவன் என் எழுத்தைக் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. வாயெல்லாம் பல்லாகச் சரியென்றேன்.

அன்று திங்கட்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியின் முதல் சவாரி. அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் காதுகுத்து. குழந்தையும் தாயும் வெயிலில் வாடாமல் ஏசியில் இருக்க, விசேஷ வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும். ஆறு நாளில் ஒரு பக்கம் எழுத வேண்டும். நான் எழுதிக் கிழித்த வேகத்துக்கு அது சரியான அவகாசம்தான்.

2

நோட்டீஸின் முதல் வடிவம்:

ஒன்று. ஏசி, மிக்சி, ஃபிரிட்ஜ் மூன்றையும் இன்வர்ட்டரில் ஒன்றாகப் போடக் கூடாது.

இரண்டு. பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவிலுள்ள வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும்.

மூன்று. வெளிக் கரண்டும் இன்வர்ட்டர் கரண்டும் எக்காரணம் கொண்டும் ஒரே வயரில் சந்தித்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் சந்தித்துக்கொண்டால்

பேனா அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு பேர் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்று எழுதின மாத்திரத்தில் கதை வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது, நான் என்ன செய்ய? நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

முதல் தொடக்கம்: "மதுரையில் அன்று நல்ல வெயில்." (அடித்துவிட்டேன். மதுரையில் வெயில் அடிப்பதை ஒரு சேதியாகச் சொல்கிறவனை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "பாண்டிராஜ் ஒரு வண்டி செய்தான். அந்த வண்டி ஒரு மனிதனைக் கொன்றது." (எழுதியதும் எனக்கே புல்லரித்தது. மீனாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாண்டிராஜ்னா யாரு?" என்றாள். கற்பனை என்றேன். "வண்டி செஞ்ச கற்பனையா? என் தம்பி இன்னும் மொத சவாரியே போகல, அதுக்குள்ள அவனக் கொலகாரன் ஆக்கிட்டீக" என்றாள். அன்று சாயங்காலம் காபி வரவில்லை.)

மூன்றாவது தொடக்கம்: "யார் எதைக் கேட்டாலும் பாண்டிராஜ் இல்லை என்று சொன்னதே கிடையாது."

இதை வைத்துக்கொண்டேன். செல்வக்குமாரைப் பற்றி இதைவிட உண்மையான வாக்கியம் கிடையாது. பக்கத்து ஷெட்காரன் ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனரோடு தானும் போய் நிற்பான். பஸ்ஸில் இடம் கேட்டால் இறங்கியே போய்விடுவான். மேலும், நல்ல குணத்தில் கதையைத் தொடங்கினால் காபியும் திரும்ப வரக்கூடும்.

[ஒரு சிறு குறிப்பு: இரண்டு பக்கம் எழுதியபிறகு பாண்டிராஜைக் கைவிட்டுவிட்டேன். அவன் வாயைத் திறந்தால் செல்வக்குமார்தான் பேசுகிறான். கற்பனைப் பாத்திரத்துக்கு வேண்டிய அளவு கிறுக்குத்தனம் அசலிடமே இருக்கிறது. இனி அவனை அவன் பெயரிலேயே அழைக்கிறேன். மீனாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.]

3

புதன்கிழமை காலை செல்வக்குமார் ஃபோன் செய்தான்.

"மாமா, இருக்குறத இருக்குறபடி போட்டுட்டு ஷெட்டுக்கு வாங்க. ஒரு அதிசயம் நடந்துபோச்சு."

போனேன். வண்டிக்குள் இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் பேட்டரியை ஏற்றுவதற்கென்று ஒரு சார்ஜர் மாட்டியிருந்தான். வெளிக் கரண்டு கிடைக்கும்போது வேலை செய்ய வேண்டிய சாமான் அது. ஆனால் வெளியிலிருந்து எந்த வயரும் வரவில்லை, சார்ஜரில் மட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்வக்குமார் முகத்திலும் ஏறக்குறைய அதே வெளிச்சம்.

"பாத்தீகளா? பேட்டரி இன்வர்ட்டருக்குக் குடுக்குது. இன்வர்ட்டரு சார்ஜருக்குக் குடுக்குது. சார்ஜரு பேட்டரிக்கே திருப்பிக் குடுத்துருது. இனிமே வெளிக் கரண்டே வேணாம் மாமா!"

"அப்ப ஈ.பி. ஆபீஸ மூடிறலாமா மாப்ள?"

"நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான், சிரிக்காமல்.

இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அந்த அதிசயத்தைப் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து இன்வர்ட்டர் கீச் கீச்சென்று கத்தியது. ஏசி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. பேட்டரி காலி.

குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு அதே குடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் குடம் நிறையாது. சிந்துவதுதான் மிச்சம். இது எனக்கு டீ குடிக்கும்போதே தோன்றியிருக்க வேண்டும். நோட்டீஸில் நான்காவதாகச் சேர்த்தேன்: இன்வர்ட்டர் ஓடும்போது சார்ஜர் அணைந்திருக்க வேண்டும்.

காலியான பேட்டரியை ஏற்ற, ஷெட்டுச் சுவரிலிருந்து வண்டிக்கு வயர் இழுத்துச் சொருகினான். நான் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடினேன். வண்டியே ஆனாலும் உள்ளே கட்டிலும் சாமி படமும் இருக்கிறதே என்று எல்லாரும் செய்வதுபோல நானும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறியிருந்தேன். வெறுங்காலை ஈரத்தரையில் வைத்துக் கதவுப் பிடியைத் தொட்டதும் கையில் சுரீரென்று ஏறியது.

"அய்யோ, சொல்ல மறந்துட்டேன் மாமா. வெளிக் கரண்டு போட்டா பாடியில லேசா அடிக்கும். அதுக்குத்தான் போர்டு எழுதி வச்சிருக்கேன்."

படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். 'தயவுசெய்து செருப்புடன் ஏறவும், இறங்கவும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தான்.

"மாப்ள, எர்த் வயரு குடுத்தியா இல்லையா?"

"அது மூணாவது வயரு மாமா. ரெண்டு வயருலயே எரியுதே?"

அன்று மத்தியானம் முழுக்க அவனை நகரவிடாமல் நின்று, மூன்று கம்பி வயர் வாங்கிவரச் செய்து, வண்டியின் உடம்புக்கும் ஷெட்டின் எர்த்துக்கும் தொடுப்பு கொடுக்க வைத்தேன். எனக்கு வயரிங் தெரிந்ததனால் அல்ல. நோட்டீஸ் எழுதுவதற்காக மூன்று நாளாக இதையே படித்துக்கொண்டிருந்ததனால்.

4

அந்த வேலை முடிந்தபிறகுதான் சீட்டுக்கடியில் கையைவிட்டு அவன் அந்த வயரை எடுத்தான். சிவப்பு வயர், நல்ல நீளம், அழகாகச் சுருட்டியிருந்தது. இரண்டு முனையிலும் மூணு பின் டாப்பு.

உங்களில் பாதிப் பேருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சாதாரண வயரில் ஒரு முனையில்தான் பின் இருக்கும், சுவரில் சொருகுவதற்கு. இதில் இரண்டு முனையிலும் பின். ஒரு முனையை ஜெனரேட்டரிலோ இன்வர்ட்டரிலோ சொருகிவிட்டு, மறு முனையைக் கரண்டு இல்லாத வீட்டின் சுவர் பிளக்கில் சொருகினால், எந்தத் துளையிலிருந்து வீடு கரண்டு தருகிறதோ அதே துளை வழியாக வீட்டுக்குள் கரண்டு போகும். அத்தனை அறையிலும் விளக்கெரியும். முதலில் வீட்டு மெயினை அணைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பந்தியில் ஆட்கள் காத்திருக்கும்போது மெயின் யாருக்கு நினைவு வருகிறது? அணைக்காவிட்டால் அந்தக் கரண்டு வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்கு ஏறிவிடும்.

"இது எதுக்கு மாப்ள?"

"ஞாயித்துக்கெழம அங்க கரண்டு போச்சுன்னா? விசேஷ வீடு மாமா. கூப்புட்டவங்க வீடு புழுங்கிக் கெடக்க, நாம மட்டும் ஏசியப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"சேஞ்ச் ஓவர் சுவிட்ச்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணு இந்தக் கரண்டு, இல்லைன்னா அந்தக் கரண்டு. ரெண்டும் சேரவே சேராது. அதப் போடு."

"அது வண்டிக்குள்ள மட்டுந்தான மாமா? அத வச்சு அவங்க வீட்டுக்கு எப்புடிக் குடுக்குறது?"

அவன் கேட்டதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. நம் ஊரில் பக்கத்து வீட்டில் கரண்டு போனால் ஜன்னல் வழியாக வயர் நீட்டாதவர் யார்? தண்ணீர் கேட்டால் கொடுப்பதுபோலத்தான் கரண்டும். செல்வக்குமாரிடம் இல்லை என்று சொல்லச் சொல்வது, அவனை வேறு ஆளாகப் பிறந்து வரச் சொல்வதற்குச் சமம்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். இப்போது கதைக்கு ஓர் ஆள் சாக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒரு லைன்மேனை உண்டாக்கினேன்.

"ஊரே இருண்டு கிடந்தது. [பகல் பன்னிரண்டு மணிக்கு எப்படி இருளும்? அடிக்கவும்.] லைன்மேன் காளை கம்பத்தில் ஏறினான். முப்பது வயது. புது மாப்பிள்ளை. [அழவைக்கப் பார்க்கிறேன், தெரிகிறது. இருக்கட்டும்.] அவன் கம்பியைத் தொட்ட அதே நேரம், வண்டியிலிருந்து கிளம்பிய கரண்டு வீட்டைக் கடந்து, கம்பத்தில் ஏறி, ஊர் முழுதும் பாய்ந்து"

இங்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வேன் இன்வர்ட்டர் ஊர் முழுதும் பாயுமா?

5

எங்கள் தெருக்கோடியில் முத்துக்கருப்பன் என்று ஒரு லைன்மேன் இருக்கிறார். தினமும் பைக்கில் அலங்காநல்லூர் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர். வியாழக்கிழமை சாயங்காலம் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, விரலால் வரி பிடித்து நிதானமாகப் படித்தார்.

"காளைங்கிறது நானாண்ணே?"

"இல்ல, கற்பனை."

"இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான லைன்மேன்? சரி, புது மாப்பிள்ளைன்னு போட்டதுக்கு நன்றி. ஆனா நான் இப்புடிச் சாக மாட்டேன்ணே."

"ஏன்?"

"மொதல்ல, அந்த இன்வர்ட்டரு ஊரத் தாங்காது. அம்புட்டு வீட்டு லோடும் தலையில விழுந்துச்சுன்னா கீய்னு கத்திட்டு நின்னுரும். ரெண்டாவது, லைன்ல வேலைன்னா டிரான்ஸ்பார்மர்ல ஆஃப் பண்ணி, கம்பிய எர்த் பண்ணிட்டுத்தான் நான் கைய வைப்பேன். எவனாச்சும் கண்ட எடத்துலருந்து கரண்டு விட்டாலும் அது மண்ணுக்குப் போயிரும்."

"அப்ப உங்களக் கொல்லவே முடியாதா?" என் குரலில் ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, கேட்டுவிட்டார்களே என்பதற்காக யோசித்தார். அவரும் இந்தப் பக்கத்து மனிதர்தானே.

"முடியும்ணே. ஒத்த வீட்டுக்குப் போற சர்வீஸ் வயரு கம்பத்துக்கிட்ட எரிஞ்சு அந்து தொங்குதுன்னு வைங்க. விசேஷ வீடு. கிரைண்டரு, சீரியல் லைட்டு, லோடு ஜாஸ்தி. அந்த வீட்டுக்கு மட்டும் கரண்டு இல்ல. உங்க மாப்ள மெயின ஆஃப் பண்ணாம வயரச் சொருகுறாரு. ஒத்த வீட்டு லோட இன்வர்ட்டரு தாங்கும். நான் மேல லைன ஆஃப் பண்ணிட்டேன், எர்த்தும் பண்ணிட்டேன். ஆனா அந்து தொங்குற வயரு லைனோட சேரவே இல்லையே? செத்த வயருதானன்னு கையில புடிக்கிறேன். கரண்டு மேலருந்து வரும்னுதான பாப்பேன்? அது வீட்டுக்குள்ளருந்து வருது."

என் பேனாவை வாங்கி, தாளின் பின்பக்கம் படம் போட்டார். ஒரு கம்பம், ஒரு வீடு, ஒரு வண்டி. கம்பத்தின் மேல் சின்னதாக ஒரு கோடு, அது அவர். போட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நடக்கும்ணே" என்றார்.

"தொடுறதுக்கு முன்னாடி டெஸ்டர் வச்சுப் பாப்பீங்கல்ல?" இதைக் கேட்டபோது நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்துக்கு முன்புதான் அவரைக் கொல்ல வழி கேட்டேன்.

"பாக்கணும். எப்பவும் பாப்பேன். போன வருஷம் மழையில ஒரு நாளு பாக்கல. கீழ நின்னு, எம்புட்டு நேரம், எம்புட்டு நேரம்னு சத்தம் போடுறாய்ங்க. கை நேரா வயருக்குப் போயிருச்சு. அன்னைக்கு அதுல ஒண்ணும் வரல. அதான் இங்க உக்காந்து உங்க கதையப் படிச்சுக்கிட்டு இருக்கேன்." தாளை என்னிடம் திருப்பித் தந்தார். "காதுகுத்து எந்த ஊருலண்ணே?"

சொன்னேன்.

"அது என் ஏரியாவாச்சே. ஞாயித்துக்கெழம எனக்குத்தான் டூட்டி."

இதைக் கேட்டதும் எழுதுகிறவனாக எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கதை தானாகக் கூடி வருகிறதே என்று. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. எதிரே உட்கார்ந்திருப்பது காளை அல்ல, முத்துக்கருப்பன். உள்ளே அவர் மனைவி தோசை ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

6

சனிக்கிழமை சாயங்காலம் முத்துக்கருப்பனையும் மீனாவையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். செல்வக்குமார் வண்டிக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தான். நான் எழுதியவரை அவனிடம் நீட்டினேன்.

"பதினாலு பக்கமா இருக்கு மாமா? ஒரு பக்கந்தான கேட்டேன்?"

அவன் படிக்க மாட்டான். எனக்குத் தெரியும். தையல் மெஷினுக்கு நான்கு காலாயிற்றே, ஒன்று காலியாக இருக்கிறது.

முத்துக்கருப்பன் பேச்சை வளர்க்கவில்லை. "மாப்ள, அந்தச் செகப்பு வயர எடுங்க பாப்போம். எப்புடிக் குடுப்பீங்கன்னு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றார்.

யாராவது செய்து காட்டச் சொன்னால் செல்வக்குமாருக்குச் சந்தோஷம் தாங்காது. வயரைப் பிரித்தான். ஒரு முனையை வண்டியிலிருந்த இன்வர்ட்டர் பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டான். மறு முனையை டாப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். மூன்று பித்தளைப் பின்னும் பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இத அப்புடியே செவுத்துல சொருகிற வேண்டியதுதாண்ணே."

"செவுரு எதுக்கு? என் கையில குடுங்க" என்று முத்துக்கருப்பன் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

செல்வக்குமார் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"இருங்கண்ணே, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத் தாரேன்."

"ஆஃப் பண்ணாம குடுங்க."

"அண்ணே, அதுல கரண்டு வருதுண்ணே!"

"நாளைக்குக் கம்பத்து மேல வச்சு எனக்குத் தரப் போறீங்கல்ல? அத இன்னைக்குத் தரையில வச்சே குடுத்துருங்க. விழுந்தாலும் கொஞ்சம் ஒசரத்துலருந்துதான விழுவேன்?"

மீனா "அய்யய்யோ" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வக்குமார் வயரைப் பார்த்தான், நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். இன்வர்ட்டரை அணைத்தான், வயரை உருவினான். பின் கட்டிங் பிளேயரை எடுத்து அதை நாலாக, எட்டாக நறுக்கிப் போட்டான். நறுக்கும்போது மூக்கை உறிஞ்சினான். நோட்டீஸ்கூட வேண்டாம் மாமா, புரிந்துவிட்டது என்றான்.

பதினாலு பக்கத்தில் என்னால் முடியாததை ஓர் உள்ளங்கை முடித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

[மீனா கதையை இங்கேயே முடிக்கச் சொல்கிறாள். தம்பி நல்லவனாகிவிட்டான், வயர் நறுக்கியாகிவிட்டது, வேறென்ன வேண்டும் என்கிறாள். நானும் இங்கே முடித்து, கீழே ஊர்ப் பெயரும் தேதியும்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே. அடித்துவிட்டுத் தொடர்கிறேன்.]

7

ஞாயிற்றுக்கிழமை. விசேஷ வீட்டுக்காரர் பேயாண்டி, குழந்தையின் பெரியப்பா. வெள்ளை வேட்டியில் ஓடியாடி எல்லாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சாப்பிட்டவர்களையும் சேர்த்துத்தான். வண்டி வாசலில் கம்பீரமாக நின்றது. ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து ஏசிக் காற்றில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள்.

பகல் பன்னிரண்டேகாலுக்கு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம். சீரியல் லைட் அணைந்தது. கிரைண்டர் நின்றது. தண்ணீர் மோட்டார் நின்றது. அந்த வீட்டுக்கு மட்டும்தான். எதிர் வீட்டு டிவி பாடிக்கொண்டே இருந்தது.

முத்துக்கருப்பன் தாளில் படம் போட்டது போலவே எல்லாம் நடந்தது. என் கதைகளில் இதுவரை ஒன்றுகூட நடந்ததில்லை.

அரை மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். நான் அப்போது பந்தியில் இருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓட்டுக்கூரைக்கு மேலே கம்பத்தின் தலை தெரியும். முதலில் ஏணி தெரிந்தது, பிறகு அவர் தலை. அதே நேரத்தில் பேயாண்டி வண்டிப் பக்கம் போவதையும் பார்த்தேன்.

"தம்பி, உங்க வண்டியில மட்டும் கரண்டு இருக்குல்ல? வீட்டுக்கு ஒரு அர மணி நேரம் குடுத்தீங்கன்னா போதும். ரெண்டாம் பந்தி உக்காந்துருச்சு, குடிக்கத் தண்ணி இல்ல."

"குடுக்கலாம்ணே. ஆனா அதுக்கு வயரு இல்ல. நேத்துத்தான் வெட்டிப் போட்டேன்" என்றான் செல்வக்குமார். நல்ல காரணம் கிடைத்த நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. இல்லை என்று சொல்லாமலே இல்லை என்றாகிவிட்டதே.

"வயருதான? அட, நம்ம வீட்லயே கெடக்கு தம்பி!"

பேயாண்டி உள்ளே போய்விட்டு வந்தார். அவர் கையில் ஒரு மஞ்சள் வயர், அங்கங்கே டேப் சுற்றியது. இரண்டு முனையிலும் பின்.

நான் எழுந்து கத்தினேன். காதுகுத்துக்கு வந்த மேளக்காரர்கள், மைக்செட் நின்றுபோன குறையைத் தீர்த்துவைக்க அந்த நேரம் பார்த்து உச்சத்தில் வாசிக்க ஆரம்பித்தார்கள். கம்பத்தைக் காட்டிக் கையை ஆட்டினேன். பரிமாறுகிறவர் ஓடிவந்து இலையில் ரசம் ஊற்றினார்.

மேலே முத்துக்கருப்பன் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அறுந்த வயர் அவருக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. கீழே யாரோ, "இன்னும் எம்புட்டு நேரம்ணே?" என்று கத்தினார்கள்.

8

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: செல்வக்குமார் வண்டி வாசலில் குறுக்கே நின்று, "இல்லண்ணே, தர முடியாது" என்கிறான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. பேயாண்டியின் முகம் செத்துப்போகிறது. பெரிய இவன், கரண்டைப் பூட்டி வைத்துக்கொண்டான் என்று ஊர் ஒரு வருஷம் பேசுகிறது. முத்துக்கருப்பன் வயரை ஒட்டுப்போட்டுவிட்டு இறங்கி, மோர் குடித்துவிட்டுப் போகிறார். [யாருமே சாகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "நான் படிப்பேன்" என்றாள் மீனா.]

இரண்டாவது முடிவு: செல்வக்குமாரால் சொல்ல முடியவில்லை. "மெயின ஆஃப் பண்ணியாச்சா?" என்று மட்டும் கேட்கிறான். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஆச்சு, ஆச்சு" என்கிறது. யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. பேயாண்டி சொருகுகிறார். வீட்டில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். மேலே முத்துக்கருப்பன் அந்த வயரைக் கையில் எடு

[இந்த வாக்கியத்தை ஏழு தடவை எழுதப் பார்த்தேன். முடியவில்லை. அவர் வீட்டு தோசைச் சத்தம் கேட்கிறது.]

மூன்றாவது முடிவு: வீட்டுச் சுவரையே தொடாமல், ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வயரை வண்டியிலிருந்து இழுத்து, மோட்டாரை மட்டும் வீட்டு லைனிலிருந்து கழற்றி அதில் நேராகப் போடலாம். கம்பத்துக்கு ஒரு சொட்டுக் கரண்டு போகாது, யாருக்கும் மனக்கசப்பும் இல்லை. அவ்வளவு நீள வயர் மைக்செட்காரரிடம்தான் இருந்தது. மைக்செட்காரர் வயரைக் கடன் கொடுத்து நான் பார்த்ததில்லை என்பதால், இந்த முடிவை வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்று பயம்.

கதையில் பிழைக்க வைப்பதா, சாக வைப்பதா என்று முத்துக்கருப்பனிடமே கேட்டேன். அவர் சொன்னது:

"எதையும் போடாதீங்கண்ணே. நான் பொழச்சேன்னு எழுதுனா, அப்பாடான்னு மூடி வச்சுட்டு, அந்த வயரச் சுருட்டிப் பரண்ல போட்டு வச்சுக்குவாய்ங்க. செத்தேன்னு எழுதுனா, அய்யோ பாவம்னு சொல்லிட்டு அதையேதான் செய்வாய்ங்க. கம்பத்து மேலயே என்னைய நிப்பாட்டிருங்க. நான் நின்னுக்கிருவேன், பழக்கந்தான்."

இதை அவர் என்னிடம் சொன்னது சனிக்கிழமை ஷெட்டிலிருந்து திரும்பும் வழியிலா, இல்லை, எல்லாம் முடிந்து திங்கட்கிழமை காலையிலா என்று நீங்கள் கேட்பீர்கள். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன்.

செல்வக்குமாரைச் சாப்பிட அனுப்பிவிட்டேன். பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. வண்டி வாசலில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். இன்வர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பேயாண்டி நல்ல மனிதர், உங்களுக்கும் இலை போட்டு வைத்திருக்கிறார். மஞ்சள் வயரின் ஒரு முனை ஏற்கெனவே அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, மறு முனையை உங்களிடம் நீட்டுகிறார், "சும்மா ஒரு அர மணி நேரம்" என்கிறார். மேளம் நிற்கவில்லை. கூரைக்கு மேலே முத்துக்கருப்பன் கையை நீட்டுகிறார். அவருக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று உண்டா என்பதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.